சளி, சாரல், பாஸ்புக்: எல்லையோரப் பீடித் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையை ஒட்டிய ஊர்களில் மதிய நேரம் போனால், திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். என் கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலருக்கும் இதுதான் தொழில். கழுத்து வலி, இடுப்பு வலி என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து வருவது, "எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி டாக்டரம்மா." கொரோனாவுக்கு முன்னால் இந்தச் சொல் இங்கே இவ்வளவு புழங்கியதில்லை.

அப்படிச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த புகார்

வயது 44. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுச் சுளகை எடுத்தவர். காலையில் வீட்டு வேலை முடிந்து உட்கார்ந்தால், சாப்பிடவும் தண்ணீர் பிடிக்கவும் எழுவதைத் தவிர, இருட்டும்வரை தரையில்தான். நாளுக்கு 700, 800 பீடி; வட்டி கட்ட வேண்டிய மாதம் என்றால் ஆயிரம். சுற்றியதைக் கடையில் ஒப்படைக்கப் போவதுகூட மகனின் பைக்கில். சோம்பேறி என்று யாரும் இவரைச் சொல்லிவிட முடியாது. விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. ஆனால் தொடையும் இடுப்பும் முப்பது வருடமாகச் சும்மா இருக்கின்றன. மருத்துவக் கணக்கில் இவர் உடலுழைப்பு இல்லாதவர்.

"மாசம் தவறாம சளி. மூக்கு ஒழுகுது, தும்மல் அடங்க மாட்டேங்குது. சாரல் சமயத்துல படுத்தா எந்திரிக்க ரெண்டு வாரம் ஆயிருது. ஒடம்புல வலுவே இல்ல" என்றார். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி, 500 மி.கி. பச்சைக் கேப்சூலில் வைட்டமின் இ, 400. துத்தநாகம் கலந்த மல்டிவைட்டமின் ஒன்று. 2020-ல் கபசுரக் குடிநீரோடு தொடங்கிய பழக்கம்; குடிநீர் நின்றுவிட்டது, மாத்திரைகள் நிற்கவில்லை. மாதம் நானூறு ரூபாய்க்கு மேல் இதற்கே போகிறது.

எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார். "எந் தங்கச்சி புனலூர்ல ரப்பர் பால் வெட்டப் போறா. ஒரு மாத்திர கெடையாது. சளின்னு அவ படுத்து நான் பாத்ததில்ல. ஒரே வயித்துல பொறந்தவங்கதான ரெண்டு பேரும்?"

நல்ல கேள்விதான். பால் வெட்டுபவர் விடியுமுன்னே மரத்துக்கு மரம் நடக்கிறார். மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்குகிறார். ஆனால் தங்கை புகையிலைத் தூளுக்கு நடுவில் உட்காருவதில்லை, அவர் வீட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து சளியைக் கொண்டுவரும் சின்னப் பிள்ளைகளும் இல்லை. நடைதான் காரணம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. இந்த ஆய்வு முழுவதும் எனக்குத் தொல்லை கொடுத்ததும் இதுதான்: எது எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்வது.

பரிசோதனையில் தெரிந்தவை

உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ரத்த அழுத்தம் 134/86. உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு 92. ஆறு நிமிடம் முடிந்த அளவு வேகமாக நடக்கச் சொன்னோம். 410 மீட்டர் நடந்தார், கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கியது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே காசநோயைப் பார்த்துவிட வேண்டும். புகையிலைத் தூளில் இத்தனை வருடம் இருந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. எச்.ஐ.வி. இல்லை. தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 10.1, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி 6.2, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தது. அதில் ஈசினோஃபில் மட்டும் 9 சதவீதம். இது கொஞ்சம் கூடுதல். ஒவ்வாமை இருந்தாலும் இப்படி ஏறும், வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும்.

எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே கெட்டுப்போனவர்களுக்கு வரும் தொல்லைகள் வேறு மாதிரி: திரும்பத் திரும்ப நிமோனியா, ஆறாத சீழ்க்கட்டி, வாய்க்குள் வெள்ளைப் பூஞ்சை, எடை உருகுவது. இவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. அதனால் ஆயிரக்கணக்கில் செலவாகும் எதிர்ப்பு மண்டலப் பரிசோதனைகளை எழுதவில்லை. நகரத்து ஆய்வகங்கள் 'இம்யூனிட்டி பேக்கேஜ்' என்று விற்பதை இப்படிப்பட்டவர்களுக்கு எழுதிக்கொடுப்பது காசு பிடுங்குவதுதான் என்பது என் கருத்து.

நாட்காட்டியில் வட்டமும் பெருக்கலும்

ஒரு மாதம் எதையும் மாற்ற வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் குறித்து மட்டும் வாருங்கள் என்றேன். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் பெருக்கல் குறி. வெறும் தும்மலும் மூக்கொழுகலும் என்றால் வட்டம்.

மாத முடிவில் அந்தத் தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். நல்ல நேரம், ராகு காலத்துக்கு மேலேயே பேனா ஓடியிருந்தது. பெருக்கல் நான்கு, அடுத்தடுத்த நாட்களில். வட்டம் பதினேழு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் வட்டமே இல்லை. பீடிக் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அன்று இவர் சுளகைத் தொடுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "ஞாயித்துக்கெழம மூக்கு நல்லாத்தான் இருந்திருக்கு, என்ன?" என்றார்.

தூள் பையைப் பிரித்துச் சுளகில் கொட்டும்போதுதான் முதல் தும்மல் வருமாம். ஆக, அவர் சளி என்று சொன்னதில் பெரும்பகுதி கிருமியால் வந்ததே அல்ல. புகையிலைத் தூளும் இலைத் தூசியும் மூக்கை உறுத்தி வந்த ஒவ்வாமை. ஒவ்வாமை என்பது எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாத இடத்தில் துள்ளுவது. எதிர்ப்பு போதவில்லை என்று நினைத்து இவர் நாலு வருடமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரைகள், எதிர்ப்பு மிஞ்சியதால் வந்த தொல்லைக்கு.

பெருக்கல் குறிகள்தான் உண்மையான சளி. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சாதாரணம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூடும். இவருக்கும் அவ்வளவுதான் வருகிறது. ஆனால் வந்தால் லேசில் போவதில்லை, ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது.

செய்தவை

ஒவ்வாமைக்கு: தூள் பையை உள்ளே பிரிக்காமல் முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பிரிப்பது, அந்த நேரம் மூக்கில் துணி, வேலை முடிந்ததும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. சில வாரங்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. ரத்தசோகைக்கு: குடற்புழு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, மாதவிலக்கு அதிகமாகப் போனதால் மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னேன்; டீயிலுள்ள டானின் உணவின் இரும்பை உடம்பில் சேரவிடாது.

நடையில்தான் பேச்சு நீண்டது. "நடக்கதுக்கு எங்க நேரம்? நான் நடந்தா ஆயிரம் பீடிய யாரு சுத்துவா?" என்றார். நேரத்தைவிடப் பெரிய தடை வேறு. இந்த ஊர்களில் நாற்பது தாண்டிய பெண் காலையில் ரோட்டில் சும்மா வேகமாக நடந்தால், "என்ன, வேலவெட்டி இல்லையா?" என்ற கேள்வி வரும். தேசிய நெடுஞ்சாலை 744-ல் கேரளா போகும் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. தெருநாய் வேறு.

அதனால் நடையை வேலைக்குள் நுழைத்தோம். பீடிக் கடைக்கு மகனின் பைக் வேண்டாம். கூடச் சுற்றும் இரண்டு பெண்களோடு குளத்தங்கரை வழியாக நடந்தே போய் வருவது. போக வர அரை மணி. கையில் பீடிப் பை இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை! சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் இன்னொரு கால் மணி. வேகத்துக்கு ஒரே அளவுகோல் சொன்னேன்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அடுத்தது, 25 பீடி கொண்ட கட்டு நான்கு சேர்ந்ததும் எழுந்து நின்று, கையை ஊன்றாமல் ஐந்து முறை உட்கார்ந்து எழுவது. ஆரம்பத்தில் முட்டிக்கு ஒத்துவரவில்லை, நாற்காலியில் செய்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. இவர் முதல் மாதம் வாரத்துக்கு நூறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஏப்ரலில் 180-ஐத் தொட்டார்.

வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. மல்லுக்கட்ட நான் விரும்பவில்லை. நம்பிக்கையோடு சாப்பிடுபவரிடம் முதல் சந்திப்பிலேயே அதைப் பிடுங்கினால், மாத்திரை நிற்காது, நம்மிடம் வருவதுதான் நிற்கும். மே மாதம் மருந்துக் கடையில் பாக்கி ஏறிப்போய், கடைக்காரர் முந்தைய கணக்கைத் தீர்க்கச் சொன்னதும் அவரே நிறுத்திவிட்டார். நான் போட்ட திட்டம் அல்ல. ஆனால் ஆய்வுக்கு இது பெரிய உதவியாகிவிட்டது. போன வருடச் சாரலில் மாத்திரை இருந்தது, நடை இல்லை. இந்த வருடச் சாரலில் நடை இருந்தது, மாத்திரை இல்லை.

பாஸ்புக் சொன்ன சாட்சி

இங்கே சாரல் காலம்தான் சளிக்குச் சோதனை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து தூறலும் குளிருமாக இருக்கும். குற்றாலத்தில் கூட்டம், வீட்டுக்குள் ஈரத்துணி, எல்லோரும் ஒரே அறைக்குள். மார்ச்சில் தொடங்கிய நடையால் ஏப்ரலில் சளி குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஏப்ரலில் எல்லோருக்கும்தான் குறைந்திருக்கும். சாரலை இன்னொரு சாரலோடுதான் ஒப்பிட வேண்டும்.

போன வருடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "ரொம்ப மோசம்" என்பார். ஞாபகத்தை வைத்து ஆய்வு எழுத முடியாது. அப்போதுதான் பீடி பாஸ்புக் நினைவுக்கு வந்தது. வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி எல்லாம் தேதிவாரியாக அதில் பதிவாகும். கூலியும் வருங்கால வைப்பு நிதியும் அதை வைத்துத்தான். சுற்றாத நாள் காலியாக இருக்கும். தொழிலாளியின் உடல்நிலைக்கு இவ்வளவு நேர்மையான பதிவேடு எங்கள் கிளினிக்கிலேயே கிடையாது.

போன வருடம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்தில் ஞாயிறு போக 21 நாள் காலி. உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகக் கேட்டோம். இலை வராத நாட்கள், ஒரு கல்யாணம், ஒரு துக்கம் எல்லாம் கழித்தபின், உடம்பு முடியாமல் போன நாள் 13. இந்த வருடம் அதே மூன்று மாதத்தில் காலி 11. அதில் உடம்பு முடியாதது 6. நாட்காட்டியில் பெருக்கல் குறி விழுந்த நாட்களோடு இது ஒத்துப்போனது. இரண்டு முறை சளி பிடித்தது, இரண்டும் வாரத்துக்குள் அடங்கிவிட்டன. வட்டங்கள் மாதம் பதினேழிலிருந்து ஐந்தாறாகக் குறைந்திருந்தன.

ஆகஸ்ட் கடைசியில் எடை 65.5 கிலோ, இடுப்பு 90 செ.மீ., நாடி 80. ஆறு நிமிட நடை 492 மீட்டர். ஹீமோகுளோபின் 11.9. ஹெச்பிஏ1சி 5.9. கடைசி எண்ணைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். இரும்புச் சத்துக் குறைவு இருக்கும்போது ஹெச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்; ரத்தசோகை சரியாகும்போது தானாக இறங்கும். இறங்கியதில் நடையின் பங்கு எவ்வளவு, இரும்பு மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

விவாதம்: நடை

ஒரே ஒரு ஆளை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இவரிடம் பார்த்தது, ஏற்கெனவே பெரிய ஆய்வுகளில் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

உடலுழைப்பில்லாத பெண்களை வைத்தே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் டேவிட் நீமன் குழு 1990-ல் வெளியிட்டது முதலாவது. சற்றுப் பருமனான, உடற்பயிற்சி இல்லாத 36 பெண்கள். ஒரு பாதிப் பேர் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம், 15 வாரம் வேகமாக நடந்தார்கள். மறுபாதி வழக்கம் போல இருந்தார்கள். நடந்தவர்களுக்குச் சளித் தொல்லை இருந்த நாட்கள் சராசரியாக ஐந்து, நடக்காதவர்களுக்குப் பதினொன்றை ஒட்டி. ஒருமுறை பிடித்தால் நீடிக்கும் நாட்களும் பாதிக்குக் குறைந்தன. நம் பீடித் தொழிலாளியிடம் பார்த்ததும் ஏறக்குறைய இதே கோலம்தான். 1993-ல் அதே குழு 67 முதல் 85 வயது வரையுள்ள பெண்களிடம் பார்த்தது. 12 வாரத்தில், வெறுமனே கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேருக்குச் சளி பிடித்தது, நடந்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு, பல வருடமாக நல்ல உடல்தகுதியோடு இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு மட்டும். சியாட்டிலில் மாதவிலக்கு நின்ற, பருமனான 115 பெண்களை ஒரு வருடம் தொடர்ந்த ஆய்வு 2006-ல் வந்தது. கடைசி மூன்று மாதத்தில், தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சளி வரும் வாய்ப்பு, நடந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல். கடைசி மூன்று மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் நடந்துவிட்டுப் பலன் தெரியவில்லை என்று வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? வேகமாக நடக்கத் தொடங்கியதும் அட்ரினலின் சுரக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்த இயற்கைக் கொல்லி செல்கள் பெயர்ந்து ரத்தத்தில் இறங்குகின்றன. நடை முடிந்ததும் அவை நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குப் பரவுகின்றன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது இவற்றின் வேலை. தூங்கிக்கொண்டிருக்கும் காவலர்களை எழுப்பி ரோந்துக்கு அனுப்புவது மாதிரி என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இன்னொன்று, வேலை செய்யும் தசை இன்டர்லூகின்-6 என்ற பொருளை வெளிவிடுகிறது. நோயில் இதே பொருள் அழற்சியின் அடையாளம். தசையிலிருந்து வரும்போது அழற்சியைத் தணிக்கும் பொருட்களைத் தூண்டிவிடுகிறது. இப்படித் தசையிலிருந்து சுரப்பவற்றை மையோகைன் என்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து நாள் முழுக்கக் கசியும் மெல்லிய அழற்சி குறைய இது ஒரு வழி. இடுப்பு 94-ல் இருந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மாரத்தான் ஓடினால் எதிர்ப்பு சக்தி குறையும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். அதன் வேர் 1983-ல் கேப்டவுனில் 56 கி.மீ. ஓடியவர்களிடம் எடுத்த கணக்கு: ஓடியபின் இரண்டு வாரத்தில் மூன்றில் ஒருவருக்குச் சளித் தொல்லை, ஓடாதவர்களில் 15 சதவீதம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தானா என்பதைப் பின்னால் வந்தவர்கள் வலுவாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், பீடிக் கடைக்கு நடந்துபோகும் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விவாதம்: மாத்திரை

வைட்டமின் சி-யைப் பற்றிய கணக்கு ஓரளவு தீர்ந்துபோன கணக்கு. 2013-ல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 29 ஒப்பீடுகளை, 11,000 பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண மக்கள் தினமும் சாப்பிட்டால் சளி வருவது குறையவில்லை. வந்த சளியின் நாட்கள் பெரியவர்களுக்கு 8 சதவீதம் குறைந்தன. பத்து நாள் சளி ஒன்பது நாளாகும், அவ்வளவுதான். சளி பிடித்தபின் சாப்பிடத் தொடங்கினால் உருப்படியான பலன் இல்லை. ஒரே விதிவிலக்கு, மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் ராணுவ வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள். இவர்களுக்குச் சளி பாதியாகக் குறைந்தது. இந்த விதிவிலக்கைத்தான் விளம்பரங்கள் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டன.

வைட்டமின் இ விஷயம் இன்னும் குழப்பம். 1997-ல் முதியவர்களிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 200 மி.கி. கொடுத்ததில் தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கூடியது. ஆஹா என்றார்கள். 2002-ல் நெதர்லாந்தில் 652 முதியவர்களிடம் நடந்த ஆய்வில் சளி வருவது குறையவே இல்லை. வந்தவர்களுக்குத் தொல்லை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆய்வகத்தில் ஒரு எண் ஏறுவது வேறு, ஆள் படுக்காமல் இருப்பது வேறு.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது, ஃப்ரீ ராடிக்கல் என்றாலே கெட்டது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஃப்ரீ ராடிக்கல் என்பது உடம்பில் உண்டாகி, பக்கத்தில் இருப்பதைச் சட்டென்று தாக்கும் மூலக்கூறு; அதை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி-யும் இ-யும் அந்த வகைதான். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில், விழுங்கிய கிருமியைக் கொல்வதே இந்த ஃப்ரீ ராடிக்கல்களைப் பீய்ச்சித்தான். தசையும் அப்படித்தான். உழைக்கும்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள், 'இன்னும் பலமாகு' என்று தசைக்குப் போகும் தகவல். அதை மாத்திரையால் அமுக்கினால்? கோபன்ஹேகனில் 2004-ல் பார்த்தார்கள். இளைஞர்களுக்கு 28 நாள் வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 யூனிட் கொடுத்துவிட்டுக் காலுக்கு மூன்று மணி நேரம் வேலை கொடுத்தபோது, தசையிலிருந்து இன்டர்லூகின்-6 வெளிவருவது தடைப்பட்டது. நம் அக்காவின் மஞ்சப்பையில் இருந்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். 2009-ல் ஜெர்மனியில் இதைவிடக் கூடுதலாக, சி 1,000 மி.கி.யும் இ 400 யூனிட்டும் நான்கு வாரம் கொடுத்துப் பயிற்சி செய்யவைத்தபோது, உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குவது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் காணப்படவில்லை. நார்வேயில் 2014-ல் ஆண், பெண் 54 பேரிடம் 11 வாரம் பார்த்ததில், தசைக்குள் நடக்க வேண்டிய சில மாற்றங்கள் மழுங்கின; ஆனால் அவர்கள் உழைக்கும் திறன் இரு பக்கமும் ஒன்றுபோலவே ஏறியது.

இதையெல்லாம் வைத்து, மாத்திரை சாப்பிட்டால் நடை வீண் என்று சொல்வது மிகை. முதல் இரண்டு ஆய்வுகளில் இருந்தவர்கள் இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள். 44 வயதில் ரத்தசோகையோடு இருக்கும் பெண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. இவரிடமும் மார்ச் முதல் மே வரை மாத்திரையோடு நடந்த காலத்திலேயே நாடி இறங்கத் தொடங்கிவிட்டது. நான் சொல்வது இவ்வளவுதான்: மாத்திரையால் லாபம் தெரியவில்லை, நடையின் லாபத்தில் அது கை வைக்கவும் கூடும், மாதம் நானூறு ரூபாய் போகிறது. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் நிறுத்தியது நல்லது. அதோடு, அதிக அளவு வைட்டமின் இ ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மாதவிலக்கு அதிகமாகப் போகும் ஒருவர் அதைத் தினமும் சாப்பிடுவது எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

வைட்டமின் சி உடம்புக்குத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி-யை வெள்ளை அணுக்கள் உள்ளே சேர்த்து வைத்திருக்கின்றன. குறைந்தால் சண்டை போட முடியாது. கேள்வி அளவுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பெண்களுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 65 மி.கி. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பெரிய நெல்லிக்காயில் அதைவிடக் கூடுதல். இந்த அக்கா வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருக்கிறது. பழத்தை அணிலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு, காசு கொடுத்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யா சாப்பிட்டால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பும் நன்றாக உடம்பில் சேரும். முருங்கைக்கீரையை வெகுநேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

எதை எதற்குக் கணக்கில் எழுதுவது

வட்டங்கள் குறைந்ததற்கு நடையைக் காரணம் சொல்ல மாட்டேன். அது முற்றத்தில் தூளைப் பிரித்ததாலும் ஸ்ப்ரேயாலும் வந்தது. 'ஒடம்புல வலு' கூடியதில் பாதிக்கு மேல் இரும்புச் சத்துக்கு உரியது என்று நினைக்கிறேன். சளி சீக்கிரம் அடங்கியதில் நடைக்குப் பங்கு இருக்கலாம் என்பதற்கு மேல் போக முடியாது. இந்த வருடம் சுற்றிய வைரஸ் லேசானதாக இருந்திருக்கலாம். பேரன் ஜூலையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்தியதால் எதுவும் மோசமாகவில்லை என்பதை மட்டும் தயங்காமல் எழுதலாம்.

முப்பது வருடத் தூசியை நாட்காட்டியும் குளத்தங்கரை நடையும் துடைத்துவிடாது. பீடி சுற்றுபவர்களின் உடம்பில் நிகோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சேர்கிறது. பீடி பிடிக்காதவர்களின் சிறுநீரிலும் அதன் மிச்சம் தெரியும். 1966-லேயே பீடித் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன் சுகாதார விதிகள் தொழிற்கூடங்களைப் பற்றிப் பேசின. வேலையோ வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்துவிட்டது. திண்ணையில் காற்று வருகிறதா, தூள் எங்கே பிரிக்கப்படுகிறது என்று பார்க்க யாரும் வருவதில்லை.

இப்போதைய நிலை: மகளிர் மருத்துவரின் சிகிச்சை தொடர்கிறது, ஹீமோகுளோபினை 12-க்கு மேல் கொண்டுபோக வேண்டும், சர்க்கரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் நடை நின்றுபோய், நாற்காலிப் பயிற்சியோடு இருக்கிறார். கூட நடந்த இரண்டு பெண்களில் ஒருவர் தன் நாட்காட்டித் தாளையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்திருக்கிறார். அவருக்கு வட்டங்களைவிடப் பெருக்கல் அதிகம், எடையும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். நம் அக்காவிடம் மீதமிருந்த பச்சைக் கேப்சூல்களைக் குத்திப் பிழிந்து அவர் மகள் முகத்தில் தடவிக்கொள்கிறாளாம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.